செத்தவனுக்கு அழக்கூட விடமாட்டீங்களா?

நேத்து ராத்திரி அக்காவோட உக்காந்து ஒரு புது தொடர் பாத்துக்கிட்டு இருந்தேன். நாலு எபிசோடா எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போன ஆள். வயித்துல கத்தி இறங்குது, ஆத்துல விழுறான். நான் பதறிப்போய்த் திரும்பினா, அக்கா முறுக்கைக் கடிச்சுக்கிட்டே "உடம்பைக் காட்டலையே, வந்துருவான்"ங்குறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவ மேல இல்ல. அவளை இப்படி ஆக்கி வச்சவங்க மேல.

இதே அக்காதான் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர்ல நெட் ஸ்டார்க் தலை போனப்போ தேம்பித் தேம்பி அழுதா. 2011ல வந்த முதல் சீசன், போஸ்டர்ல இருந்ததே அந்த மனுஷன்தான், ஒன்பதாவது எபிசோடுலயே முடிச்சுட்டாங்க. ஆனா அதுல ஏமாத்து இல்ல. எதிரியான ராணி செர்சிகிட்டயே போய் "உன் ரகசியம் எனக்குத் தெரியும், பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிரு"ன்னு எச்சரிச்சாரே, அன்னிக்கே அவர் கழுத்துக்குக் கத்தி வந்தாச்சு. அது சாவு!

நடமாடுற பிணங்களைப் பத்தின த வாக்கிங் டெட் தொடர்ல பண்ணது என்ன? 2015 அக்டோபர்ல நாயகன் கூட்டத்துல ஒருத்தனான க்ளென் குப்பைத்தொட்டி மேலேருந்து பிணக்கூட்டத்துக்குள்ள விழுறான். குடலை உருவுறாங்க, இவன் முகம் கதறுறதைக் கிட்டக்க காட்டுறாங்க. அடுத்தடுத்த வாரம் டைட்டில்ல க்ளெனா நடிச்ச ஸ்டீவன் யுன் பேரையே தூக்கிட்டாங்க. நாலு வாரம் கழிச்சுப் பாத்தா, குடல் இவன் மேல செத்துக் கிடந்த கூட்டாளி நிக்கோலஸோடதாம், இவன் தொட்டிக்கு அடியில புகுந்துட்டானாம். உக்காந்து அழுத எங்களை என்னன்னு நினைச்சீங்க?

அதோட விட்டாங்களா? 2016 ஏப்ரல்ல வில்லன் நீகன், பிடிபட்ட க்ளென் கூட்டத்துல ஒருத்தர் மேல மட்டையை ஓங்குறதோட சீசனை முடிச்சு, அடி யாருக்குன்னு சொல்லாம அக்டோபர் வரைக்கும் இழுத்தாங்க. ஆறு மாசத்துக்கு மேல நாங்க யாருக்கும் துக்கப்படல, யாரா இருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம். கடைசியில ஆபிரகாம், அடுத்து க்ளென். பொண்டாட்டி மேகி கண்ணு முன்னாடி நிஜமாவே செத்தான். எனக்கு ஒரு சொட்டு வரல. அவனுக்குன்னு இருந்த அழுகையை ஒரு வருஷம் முன்னாடியே பிடுங்கிட்டாங்களே! அந்த எபிசோடை அமெரிக்காவுல 1.7 கோடிப் பேர் பாத்தாங்க. சீசன் முடியும்போது 1.13 கோடி. கொடூரம் தாங்காம ஓடிட்டாங்கன்னு பலர் சொன்னாங்க. நான் விட்டது கொடூரத்துக்காக இல்ல.

நேத்து அடுத்த எபிசோடையும் போட்டோம். ஆத்துலேருந்து அவனை எடுத்துட்டு வந்து சிதையில வச்சுக் கொளுத்துறாங்க. அவன் அம்மா பக்கத்துல நிக்கிறா. அக்கா மெல்லுறதை நிறுத்திட்டு, "அப்போ நிஜமாவே போயிட்டானா?"ன்னு என்னைக் கேட்டா. ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கவே இல்ல. அதுக்குள்ள சிதை எரிஞ்சு அடுத்த சீன் வந்துருச்சு.