அது அக்கறை இல்லை

சனிக்கிழமை வாசகர் வட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து வந்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறீர்கள். "அந்த மாதிரிக் காட்சி என்றதும் கூச்சப்பட்டு ஓடிவிட்டாள்" என்றுகூட ஒருவர் சொன்னாராம். அன்றைக்குப் பேசிய 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலை முழுதாகப் படித்தவள் நான். அதன் படுக்கையறையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்கு வெளியே அதன் நாயகன், பெரும் பணக்காரன் கிறிஸ்டியன் கிரே செய்வதோடுதான் சண்டை.

நாயகி அனஸ்தேசியாவுக்கு 21 வயது. நண்பர்களோடு பாரில் இருக்கிறாள், இடத்தைச் சொல்ல மறுக்கிறாள். அவன் அவளுடைய போனை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். படுக்கையில் தனக்கு அடங்கி நடக்க ஒரு ஒப்பந்தம் நீட்டுகிறான்; என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருக்கிறது. அடுத்த பாகத்தில் அவள் வேலை பார்க்கும் பதிப்பகத்தையே வாங்குகிறான். முதல் பாகத்திலேயே, யோசிக்க அவகாசம் வேண்டி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அம்மாவிடம் போனால், அங்கேயும் வருகிறான். இதற்குப் பெயர் அக்கறை இல்லை, வேவு.

அந்த ஜார்ஜியா பகுதியைத்தான் அன்றைக்கு "எவ்வளவு ஏங்கியிருந்தால் இப்படி வருவான்!" என்று உருகினீர்கள். அங்கேதான் எழுந்தேன்.

எனக்கு 24 வயதில் ஒருவன் அப்படி வந்தான். "கொஞ்ச நாள் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து ஊருக்கு பஸ் ஏறினேன். மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் நிற்கிறான். வீட்டு முகவரியை நான் கொடுத்ததே இல்லை. கூட வேலை பார்ப்பவன் என்று சொல்லி உட்காரவைத்தேன். அம்மா காபி கொடுத்து, "இவ்வளவு தூரம் வந்திருக்கானே, நல்ல பையன்" என்றாள். அப்புறம் இரண்டு வருஷம். எங்கே இருக்கிறாய், யாரோடு, ஏன் உடனே போனை எடுக்கவில்லை.

"கதைதானே" என்கிறீர்கள். கதைதான். 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கதை. "பெண்கள்தானே வாங்கினார்கள்?" ஆமாம், நானும்தான் வாங்கினேன். "தடை கேட்கிறாயா?" 2015இல் நம் தணிக்கை வாரியம் இந்த நாவலை வைத்து எடுத்த படத்துக்குச் சான்றிதழ் மறுத்தபோது, அது தப்பு என்று இதே பக்கத்தில் எழுதியவள் நான். "அவள் சம்மதித்துத்தானே இருந்தாள்?" அந்த ஒப்பந்தத்தில் அவள் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை, இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒருவர் ஆள, ஒருவர் அடங்கும் அந்த மாதிரி உறவில் (பிடிஎஸ்எம் என்பார்கள்) விரும்பி இருப்பவர்களிலேயே பலர், முன்கூட்டிப் பேசிச் சம்மதம் வாங்குவதுதான் தங்கள் முதல் விதி, இது தங்கள் கதை இல்லை என்று எதிர்த்தார்கள். 

எனக்கு ஆறாதது வேறு. கிறிஸ்டியன் இப்படி இருப்பதற்குச் சின்ன வயதில் அவன் பட்ட கொடுமைதான் காரணமாம், இவள் அன்பில் எல்லாம் சரியாகிவிடுமாம். மூன்று பாகத்தில் சரியாகியும்விடுகிறது. என் தெருமுனையில் வந்து நின்றவனுடைய சின்ன வயதும் எனக்குத் தெரியும். அவன் அப்பா பெல்ட்டால் அடித்த தழும்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நான் பொறுத்துக்கொண்டால் மாறிவிடுவான் என்று இரண்டு வருஷம் இருந்தேன். மாறவில்லை. போன் நம்பரையும் வேலையையும் மாற்றிக்கொண்டது நான்தான்.

சனிக்கிழமை படி இறங்கும்போது கல்லூரிப் பெண் ஒருத்தி பின்னாலேயே வந்தாள். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். "அக்கா, அவர் ஊருக்கு வந்து நின்னப்ப உங்களுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டாள்.

இருந்தது. அன்றைக்கு மத்தியானம்வரை இருந்தது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.