டெலஸ்கோப் யார் கையில் இருக்கிறது?

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தம்பி ஆங்கில நோட்டோடு வந்தான். பத்தாம் வகுப்பு. 'ஐ சா எ மேன் வித் எ டெலஸ்கோப்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தான்.

"அக்கா, டெலஸ்கோப் யார்கிட்ட இருக்கு? பார்த்தவன்கிட்டயா, அந்த ஆள்கிட்டயா?"

வகுப்பில் இதையே கேட்டதற்கு, "இதுகூடப் புரியலையா?" என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

எனக்கு மனசே ஆறவில்லை. இரண்டு அர்த்தமும் புரிந்ததால்தானே பிள்ளை கேட்டிருக்கிறான்! முன்னே பின்னே வரும் வரிகள் இல்லாமல் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவதற்குத் தமிழும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'டெலஸ்கோப்பால் பார்த்தேன்' என்றால் ஒன்று, 'டெலஸ்கோப் வைத்திருந்தவரைப் பார்த்தேன்' என்றால் வேறு. ஆங்கிலத்தில் ஒரு 'வித்' போட்டால் போதும், இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். 'வி'யும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடன் வேலை பார்த்தவர்கள் "வி ஆர் கோயிங் ஃபார் லஞ்ச்" என்று எழுந்தார்கள். 'நாம்' போகிறோமா, 'நாங்கள்' போகிறோமா? கேட்கக் கூச்சப்பட்டு டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு என்றால் கேட்டிருப்பேன்.

ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்கள் இதற்காகக் கோர்ட்டுக்கே போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்ற சட்டப் பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. அப்படியென்றால் விநியோகம் ஒரு தனி வேலையா, இல்லை விநியோகத்துக்காகப் பேக் செய்வதை மட்டும் சொல்கிறார்களா? ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், பேக் செய்பவர்கள் இல்லை. கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ஓட்டுநர்கள் பக்கம் வந்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

நீதிபதிகளே ஒத்துப்போகாத விஷயத்தில் பத்தாம் வகுப்புப் பையனை எதற்கு அதட்ட வேண்டும்? தமிழ் வகுப்பில் ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் பாடிய காளமேகத்தைக் கொண்டாடுகிறோம். அதே பிள்ளை ஆங்கில வரியில் இரண்டு அர்த்தத்தைக் கண்டுபிடித்தால் மக்கு என்கிறோம். ஆங்கில ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், "எந்த அர்த்தத்தில்?" என்று கேட்கும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

தம்பியை அந்த வரியைத் தமிழில் இரண்டு விதமாக எழுதச் சொன்னேன். எழுதினான். அப்புறம் 'விசிட்டிங் ரிலேட்டிவ்ஸ் கேன் பி போரிங்' என்று ஒன்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாம அவங்க வீட்டுக்குப் போறதா, அவங்க நம்ம வீட்டுக்கு வர்றதா அக்கா?"

பென்சிலை எடுத்து, அதற்கும் கீழே இரண்டு கோடு போட்டான்.