ரேட்டிங்கைப் பொத்திப் பொத்தி வச்சு என்னண்ணே பண்ணப் போறீங்க?

கும்பகோணத்துல பேக்கேமன்ங்கற பகடை ஆட்டம் ஆடறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். தஞ்சாவூர், மாயவரம் ஆளுங்களைச் சேர்த்தாலும் ஒரு டீக்கடை பெஞ்சு நிறையாது. அந்த லட்சணத்துல, போன ஞாயித்துக்கிழமை ஒரு அண்ணன் காலேஜ் பையனோட ஆட மாட்டேன்னுட்டார். பலகையை விரிச்சு சும்மா ஆடலாமாம், போன் ஆப்புல, திறமையை நம்பராப் போடற ரேட்டிங் மேட்ச்னா வேணாமாம். "நான் 1700, தம்பி 1500. முதல்ல 9 பாயிண்ட் எடுக்கறவர் ஜெயிக்கற மேட்ச்ல ஜெயிச்சா எனக்கு ரேட்டிங் 4 ஏறும், தோத்தா 8 போயிடும். எனக்கென்ன தலையெழுத்தா?"ங்கறார். பையன் பகடைக் குப்பியைக் கையில வச்சுக்கிட்டே முழிக்கிறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஏண்ணே, அந்த 4ம் 8ம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? 1992ல ஆரம்பிச்ச, நெட்ல பேக்கேமன் ஆடற ஃபிப்ஸ் சர்வரோட கணக்கு அது, நம்ம ஆப்பும் அதையேதான் வச்சிருக்கு. 200 கூட இருக்கறவர் 9 பாயிண்ட் மேட்ச்ல மூணுக்கு ரெண்டு ஜெயிப்பார்னு எடுத்துக்கிட்டுத்தான் அப்படிப் போட்டிருக்கான். ரெண்டு ஜெயிச்சா 8 வரவு, ஒண்ணு தோத்தா 8 செலவு. நேராப் போச்சா? உங்க சொத்தை யார் எழுதி வாங்கினா?

செஸ்ல 200 வித்தியாசம்னா நூத்துக்கு 76 ரேட்டிங் கூட இருக்கறவருக்குத்தான். இங்க அதே 76 வரணும்னா 25 பாயிண்ட் மேட்ச் ஆடணும். 1 பாயிண்ட் மேட்ச்ல வெறும் 56. பகடைன்னு ஒண்ணு இருக்குல்ல, மேட்ச் சின்னதானா அதிர்ஷ்டத்துக்குப் பங்கு ஜாஸ்தி! சூத்திரத்துல மேட்ச் நீளத்தோட வர்க்கமூலம் உக்காந்திருக்கறதே அதுக்காகத்தான்.

அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, மறைப்பானேன். புதுசா வர்றவன் எல்லாருக்கும் ஆரம்பம் 1500. பையன் நிஜத்துல 1750 ஆட்டம் ஆடறவனா இருந்தா அண்ணனுக்கு நஷ்டம்தான். ஆனா அப்படிப்பட்டவனுக்கு பயந்து ஓடறவர் 1700ன்னு மார் தட்டக் கூடாது. இன்னொரு கூட்டம் இருக்கு, தோக்கற நேரம் பார்த்து "நெட் போயிடுச்சு"ம்பாங்க. அவங்களைப் பத்திப் பேசினா வாயில நல்ல வார்த்தை வராது.

உண்மையிலேயே ஆட்டம் எப்படின்னு தெரியணுமா? மேட்சை எக்ஸ்ட்ரீம் கேமன்ங்கற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல போடுங்க. ஒவ்வொரு நகர்த்தலையும், பந்தயத்தை ரெட்டிப்பாக்கற டபுளிங் க்யூப் முடிவையும் அலசி எவ்வளவு கோட்டை விட்டீங்கன்னு பி.ஆர்.னு (பெர்ஃபார்மன்ஸ் ரேட்டிங்) ஒரு நம்பர் போட்டுத் தரும். குறைஞ்சா நல்லது, 5க்குக் கீழன்னா உலகத்தரம். காசு செலவழிக்க மனசில்லன்னா அதே வேலையைச் செய்யற ஜிஎன்யூ பேக்கேமன் சும்மாவே கிடைக்குது. வெறும் வெற்றி தோல்வியை வச்சு ஆளை எடை போடறது, கடைமடைக்குத் தண்ணி வந்துச்சான்னு கேக்காம மகசூலை மட்டும் பார்த்து விவசாயியைத் திட்டற மாதிரி. அன்னைக்கு ரெண்டு பேரும் ரேட்டிங் இல்லாம பலகையில சும்மா ஆடினதைக் குறிச்சு வச்சுப் போட்டுப் பார்த்தேன். பையனோட பி.ஆர். அண்ணனை விடக் கம்மி. சொன்னா "அதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கு"ங்கறார். ரேட்டிங் மட்டும் என்ன, பெருமாள் கோயில் பிரசாதமா?

சரிண்ணே, 9 வேணாம். அடுத்த ஞாயிறு 25 பாயிண்ட் மேட்ச் வச்சுக்கலாம். நாலுக்கு மூணு நீங்கதான் ஜெயிக்கணும், உங்க நம்பரே சொல்லுது. பவர் பேங்க் நான் கொண்டு வரேன், நெட்டும் என்னோடதுலேருந்தே எடுத்துக்குங்க.