குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

மனச்சோர்வுக்கான புதிய மருந்துகள் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை, சைலோசைபின் என்ற காளான் மருந்தை ஒரு தடவை எடுத்தாலே மனச்சோர்வு போய்விடும் என்பதுபோல் முடிகிறது. அது சரியில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வில், வேறு மருந்துகளுக்கு அசையாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10, 1 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் சைலோசைபின் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் 25 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மட்டுமே தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பன்னிரண்டு வாரம் வரை அது நிலைத்தது அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். தனக்குக் கிடைத்தது எந்த அளவு என்பதை எடுத்தவரே ஊகித்துவிடுவார் என்பதால், எதிர்பார்ப்பின் பங்கைப் பிரித்துப் பார்ப்பதும் கடினம்.

எனக்குப் பெரிய பயம் வேறு. ஆய்வில் சேருமுன் பழைய மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுவார்கள், வைத்தியரின் கண்காணிப்பில். அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, அங்கொடை மனநல வைத்தியசாலைக் கிளினிக்கில் தந்த சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வுக் குளிசையை ஒருவர் திடீரென்று விட்டால் தலைச்சுற்று, தலைக்குள் மின்சாரம் அடித்தாற்போல் அதிர்வு, தூக்கமின்மை எல்லாம் வரலாம், நோயும் திரும்பலாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் எடுப்பவர்கள் சைலோசைபின் பக்கமே போகக்கூடாது. சேர்த்து எடுத்தவர்களுக்கு வலிப்பு வந்த பதிவுகள் உண்டு. வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் ஆய்வுகளே அவரைச் சேர்ப்பதில்லை.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான கெற்றமினின் கதை வேறு, அது சத்திரசிகிச்சைக் கூடத்தில் மயக்க மருந்தாக ஏற்கெனவே பழகியது. மனச்சோர்வுக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், நாற்பது நிமிடம் நாளத்தில் ஏற்றுவது. இரத்த அழுத்தம் ஏறும், அதனால் இடையிடையே அளந்துகொண்டே இருக்க வேண்டும். அன்று வாகனம் ஓட்டக்கூடாது.

தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழையுங்கள், இரவானாலும் பரவாயில்லை.