குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் மீன்கள் ஒன்றையொன்று தின்னாதா?

"கலர் மீன்களைக் குட்டியிலேயே ஒரே தொட்டியில் விட்டால், வளர்ந்த பிறகும் ஒன்றை ஒன்று தொடாது." கடலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

மீனுக்குப் பழகிய தோஷமெல்லாம் கிடையாது. வாயில் நுழைகிறதா என்பதுதான் கணக்கு. கடையில் ரூபாய்க் காசு அளவில் இருக்கும் ஏஞ்சல் மீன், 15 செ.மீ. வரை வளரும். நியான் டெட்ரா என்ற சின்ன மீன் 3, 4 செ.மீ.யோடு நின்றுவிடும். முதல் சில மாதம் இரண்டும் சமர்த்தாகத் திரியும். அப்புறம் டெட்ராக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். செத்து மிதப்பதைக்கூடப் பார்க்க முடியாது. சொந்த ஊரான அமேசான் ஆற்றிலும் ஏஞ்சல் சின்ன மீன்களைத் தின்பதுதான். 30 செ.மீ. வளரும் ஆஸ்கர் மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டைகர் பார்ப் வேறு ரகம். மற்ற மீனை விழுங்காது, ஆனால் கப்பியின் வாலையும் ஏஞ்சலின் நீளத் துடுப்பையும் கடித்துக் கிழித்துவிடும். எட்டு பத்தாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். தொல்லை குறையும், தீராது.

சரி, எதைத்தான் சேர்ப்பது? கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பாக, கடினமாக இருந்தால் மோலி, பிளாட்டி, கப்பி மூன்றும் தாராளமாகச் சேரும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் இருக்கட்டும். இல்லையென்றால் ஆண்கள் பெண்ணை ஓயாமல் விரட்டும்.