துடைக்கக் கூடாத பென்சில் எழுத்து

பழைய கிடார் ஆம்ப்ளிஃபையர்களைச் சேகரிப்பவர்கள் பலரிடம் ஒரு முரண்பாட்டைக் காண்கிறேன். தொழிற்சாலையில் ஒட்டப்பட்ட துண்டு டேப்பைக் கண்ணின் மணியாகக் காக்கும் அவர்கள், பிற்காலத்தில் பழுது பார்த்தவர் சேசிஸுக்குள், அதாவது பாகங்கள் பொருத்தப்பட்ட உலோகப் பெட்டிக்குள், பென்சிலால் கிறுக்கி வைத்ததை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தக் கிறுக்கலைத்தான்.

டேப்பின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இயங்கிய ஃபெண்டர் தொழிற்சாலையில், 1950களில் ஒயரிங் வேலை பார்த்த பெண்கள் தங்கள் பெயரை மாஸ்கிங் டேப்பில் எழுதிச் சேசிஸுக்குள் ஒட்டினார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் மனம் நெகிழ்வது இயல்பே. ஆனால் தொழிற்சாலைக் குறிகளில் பெரும்பாலானவை மர்மமே அல்ல. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான வால்வுகளின் பட்டியல் அச்சிட்ட தாளில் இரண்டு எழுத்துகள் முத்திரையிடப்பட்டிருக்கும்; முதலெழுத்து ஆண்டைக் குறிக்கும், 1951இல் ‘ஏ’ எனத் தொடங்குவது; இரண்டாவது மாதம். ‘என், ஈ’ என்றிருந்தால் 1964 மே. டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கினால் ஷூமாக்கர் தயாரிப்பு, ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன்; அடுத்து வருபவை ஆண்டும் வாரமும். ஆண்டுக்கு ஓர் இலக்கமே இருந்தால் 4 என்பது 1954ஆ, 1964ஆ என்ற குழப்பம் எழும்; மற்ற பாகங்களைப் பார்த்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

கையெழுத்துக் குறிகளின் கதை வேறு. அவற்றுக்கு எந்த அட்டவணையும் கிடையாது.

ஒருமுறை ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் மாடல் ஆம்ப் ஒன்று பழுதுபார்க்க என் மேசைக்கு வந்தது. உள்ளே ‘52’ என்ற எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு டிக்கும் இருந்ததைக் கண்டு, அது 1952இல் செய்தது என்று உரிமையாளர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த மாடல் சந்தைக்கு வந்ததே 1963இல்தான். பவர் வால்வுகளின் கிரிட் என்ற கட்டுப்பாட்டு முனைக்குப் போய், அவற்றின் மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் ‘பயாஸ்’ மின்னழுத்தம் மைனஸ் 52 வோல்ட் என்று அதன் சுற்று வரைபடமே சொல்கிறது. யாரோ அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று குறித்திருக்கிறார். மெயின்ஸ் ஒயர் நுழையும் இடத்தில் சிவப்பு மெழுகுப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி, அதனடியில் நறுக்கிவிட்ட இரண்டு கம்பி நுனிகள். இரண்டு முனை பிளக் இருந்த காலத்தில் மெயின்ஸுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் வைப்பார்கள். அது ஷார்ட் ஆனால் கிடார் கம்பியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து என்பதால் அதற்கு ‘டெத் கேப்’ என்றே பெயர். எர்த் உள்ள மூன்று முனை ஒயரைப் பொருத்திய ஒருவர், அதை வெட்டி எடுத்துவிட்டதை அடுத்தவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

மூன்றாவதாக, சேசிஸில் பற்றவைத்த ஓர் எர்த் இணைப்பின் அருகே சிறிய கேள்விக்குறி இருந்தது. இணைப்பு பார்வைக்குப் பளபளப்பாகத்தான் தெரிந்தது, நான் பொருட்படுத்தவில்லை. இரண்டு மாதத்தில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலோடு அதே ஆம்ப் திரும்பி வந்தது. மரக்குச்சியால் ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கொண்டே போனபோது, அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில்தான் இரைச்சல் விட்டுவிட்டு வந்தது. ஈயம் மேலோடு ஒட்டியிருந்ததே தவிர, தகட்டைப் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் முன்பே சந்தேகப்பட்டிருக்கிறார், கேட்காமல் விட்டது என் பிழை.

பென்சில் எழுத்து இருந்தால் ‘ஒரிஜினல்’ என்ற மதிப்புக் குறைந்துவிடும் என்பது விற்பவர்களின் வாதம். 1964இல் செய்த ஆம்ப்பின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் (உள்ளே ஈரமான வேதிப்பொருள் கொண்டவை) இன்றும் மாற்றப்படவில்லை என்றால், எனக்கு அது பெருமையாகத் தோன்றாது. அவை உலர்ந்திருக்கும் என்ற கவலைதான் வரும். அவற்றை மாற்றிய தேதி உள்ளே எழுதியிருந்தால், வாங்குபவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

அந்த ட்வின் ரிவெர்ப்பின் இணைப்பைப் பெரிய சால்டரிங் அயர்ன் கொண்டு நன்றாகச் சூடேற்றி, மறுபடி பற்றவைத்தேன். கேள்விக்குறியை அழிக்கவில்லை, அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, தேதியையும் எழுதிவிட்டு மூடினேன்.