"காற்றுப் போயிட்டுதோ?"

சென்ற மாதம் மாமிக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. மல்லாவியிலிருந்து பார்க்க வந்த உறவினர் எல்லோரும் முதலில் கேட்டது, "காற்றுப் போயிட்டுதோ?" என்பதைத்தான். இல்லை என்றதும், வேர்க்கொம்பு அவித்த தண்ணீரைப் போத்தலோடு நீட்டியவர்களும், பேதி மாத்திரை ஒன்றை இரகசியமாகக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. இரண்டையும் நான் மறுத்ததில் சிலருக்கு இன்னமும் மனத்தாங்கல் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டால் அதன் அசைவு சிறிது காலம் நின்றுபோவது இயல்பு; காற்றுப் பிரிவது அது மீண்டும் அசையத் தொடங்கியதன் அடையாளம். சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளும் இரைப்பை ஓரிரு நாட்களிலும் வழமைக்குத் திரும்ப, பெருங்குடல் இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும். இந்தத் தாமதத்தை மேலும் நீட்டுவதில், வலி தாங்காமல் நாமே கேட்டு வாங்கும் மோர்பின் வகை மருந்துகளுக்குப் பெரும் பங்குண்டு. மூளையில் வலியை அடக்கும் அதே மருந்து குடற்சுவரிலும் பற்றிக்கொண்டு அதன் அசைவைக் கட்டிப்போடுகிறது. ஆகவே, குடலை எழுப்பும் மருந்தைத் தேடுமுன், அதை உறங்கவைக்கும் மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்பதே முறை என்பேன். நேரம் தவறாமல் கொடுக்கப்படும் பரசிற்றமோல்கூட மோர்பினின் தேவையைக் குறைக்கும்.

அமெரிக்காவில் 2008 இல் அனுமதி பெற்ற அல்விமோபான் என்ற மருந்து, மூளைக்குள் பெரிதாகப் புகாமல் குடலில் மட்டும் மோர்பினின் பிடியைத் தளர்த்துகிறது, வலிநிவாரணம் கெடுவதில்லை. ஆனால் அதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும்; மாரடைப்பு பற்றிய அச்சத்தால், மருத்துவமனைக்குள் மட்டும், 15 வேளைக்கு மேற்படாமல் கொடுக்கிறார்கள். வாந்திக்குத் தரும் மெற்றோகுளோபிரமைட் குடலையும் அசைக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குத் துணைநிற்கவில்லை.

பேதி மாத்திரையைச் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் தாங்களே எழுதிக் கொடுப்பதுண்டு. அது அவர்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எடுக்கும் முடிவு. தைத்த இடத்தில் கசிவோ குடலில் அடைப்போ இருக்கையில் நாம் இரகசியமாகக் கொடுக்கும் மாத்திரை உயிருக்கே உலை வைக்கலாம். வயிறு மேலும் மேலும் ஊதினாலோ, வாந்தியோ காய்ச்சலோ வந்தாலோ, போத்தலைத் திறக்காமல் தாதியை அழைக்க வேண்டும். இவ்வளவையும் விடுதியில் யாராவது ஐந்து நிமிடம் இருந்து விளங்கப்படுத்தியிருந்தால் வேர்க்கொம்புத் தண்ணீர் வந்திருக்காது என்பது என் குறை.

மாமியை நாளுக்கு நான்கு தடவை நடத்தினோம். வைத்தியரின் அனுமதியோடு சுவிங்கம் மெல்லக் கொடுத்தோம். மெல்லும்போது சாப்பாடு வருகிறதென்று குடல் ஏமாந்து அசையத் தொடங்குமாம். அதற்கு வெற்றிலையே போதுமே என்று மாமி வாதாடினார், நாங்கள் இணங்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி, "தம்பி, போயிட்டுது" என்றார்.